செங்கம் கணவாயும் ஒரு போதகரின் வாக்கும்



கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாக நம் திருவண்ணாமலைக்குப் பேருந்தில் வந்திருக்கிறீர்கள் அல்லவா? சிங்காரப்பேட்டையைக் கடந்தபின் இருபுறமும் குன்றுகள் நெருங்கி வரும். சாலை அவற்றின் நடுவே வளைந்து இறங்கும். செங்கத்தைத் தாண்டினால் வெளி விரிந்து, தூரத்தில் அண்ணாமலை தென்படும். ஊர் வந்துவிட்டது என்று பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம். இந்த வழியைப் பற்றி நாம் அதற்குமேல் நினைப்பதில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கணவாய் அச்சத்தின் வாசலாக இருந்தது. மைசூர்ச் சீமையிலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்குப் படைகள் இறங்கிய வழிகளுள் அது முதன்மையானது. அதைக் கடந்து வருகிற படைக்கு எதிர்ப்படும் முதல் பெரிய ஊர் நம்முடையது. ஆதலால் மராத்தியர், பிரெஞ்சுக்காரர், ஆற்காட்டு நவாபின் ஆட்கள், மைசூரார், ஆங்கிலேயர் என்று மாறிமாறி வந்தவர்கள் எல்லாரும் இந்த ஊரை மிதித்தே சென்றார்கள். வழிபாட்டுக்கென்று எழுப்பப்பட்ட மதில்கள் கோட்டை மதில்களாகவும் பயன்பட வேண்டிய காலம் அது.

1767 செப்டம்பரில் செங்கத்தில் ஒரு போர் நடந்தது. கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பெனிப் படையை மைசூர் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து துரத்தி வந்தார்கள். ஸ்மித் அந்தப் போரில் தப்பித் திருவண்ணாமலைக்கு வந்தார். இங்கே தம் படைக்கு அரிசி சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் என்று நம்பி வந்தவருக்கு அரிசி கிடைக்கவில்லை. அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலைக்கு அருகே மீண்டும் போர் மூண்டது. அதில் ஐதரும் நிஜாமும் தோற்றுப் பின்வாங்கினார்கள். வரலாற்று நூல்கள் தளபதிகளின் பெயரையும் பீரங்கிகளின் எண்ணிக்கையையும் சொல்லும். இரண்டு படைகளும் தின்று தீர்த்த பின் இந்த ஊர்க் குடியானவன் எதை விதைத்தான், எதை உண்டான் என்பதை அவை சொல்வதில்லை.

இந்த வாரம் உங்களோடு பேச நினைத்தது தளபதிகளைப் பற்றி அல்ல. அந்தப் போர்களின் நடுவே, எந்தப் படையிலும் சேராமல், இரண்டு பக்கமும் நம்பிய ஒரு மனிதரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் கிறிஸ்டியான் பிரீட்ரிக் ஸ்வார்ட்ஸ். தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்கள் ‘ஸ்வார்ட்ஸ் ஐயர்’ என்று இன்றும் சொல்லும் போதகர். நம் ஊர் டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்த பலர், அந்த மிஷனும் ஸ்வார்ட்ஸ் ஐயரை அனுப்பிய தரங்கம்பாடி மிஷனும் ஒன்றே என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி அல்ல. தரங்கம்பாடி ஊழியம் 1706இல் டென்மார்க் அரசரின் ஆதரவில் தொடங்கியது. நம் பகுதிக்கு வந்தது அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1860களில் புறப்பட்ட வேறொரு டேனிஷ் சங்கம். ஆயினும் இரண்டும் லுத்தரன் வழியில் வந்தவையே. அந்த வகையில் அவர் நமக்கும் முன்னோர்.

அவர் 1726இல் பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். தாயை மிகச் சிறு வயதிலேயே இழந்தார். ஹாலே நகரில் படிக்கும்போதே, அங்கே நடந்த தமிழ் வேத அச்சுப்பணிக்கு உதவுவதற்காகத் தமிழ் கற்கத் தொடங்கினார். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர், அதன்பின் 48 ஆண்டுகள் தம் தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை. தமிழோடு போர்த்துக்கீசியம், இந்துஸ்தானி, பாரசீகம், மராத்தி ஆகிய மொழிகளையும் கற்றுக்கொண்டார். கச்சேரிக்கும் அரண்மனைக்கும் சந்தைக்கும் போகிறவருக்கு அந்தந்த இடத்து மொழி வேண்டும் என்பதே அவர் கருத்து. 1760களில் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சாவூரிலும் தங்கி ஊழியம் செய்தார்.

1779இல் சென்னைக் கோட்டையின் கவர்னர் சர் தாமஸ் ரம்போல்டு அவரை வரவழைத்து, ஒருவரும் எதிர்பாராத ஒரு வேலையைக் கேட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சென்று ஐதர் அலியைக் கண்டு, கும்பெனி சமாதானத்தையே விரும்புகிறது என்று சொல்லி, அவருடைய மனநிலையை அறிந்து வர வேண்டும். அதையும் இரகசியமாகச் செய்ய வேண்டும் என்பதே அந்த வேண்டுகோள்.

ஐதர் அலிக்குக் கும்பெனியின்மேல் இருந்த கோபம் காரணமற்றது அல்ல. 1769 ஏப்ரலில் சென்னையின் வாசல்வரை படையோடு வந்து நின்று அவர் செய்துகொண்ட உடன்படிக்கையில், ஒருவருக்கு ஆபத்து வந்தால் மற்றவர் உதவ வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. அதன்பின் மராத்தியர் மைசூர்மேல் பாய்ந்தபோது கும்பெனி உதவிக்கு வரவில்லை. எழுதிக்கொடுத்த வாக்கு காற்றில் போயிற்று. 1779 மார்ச்சில், ஐதரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல், அவருடைய பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சுக்காரரின் மாஹே துறைமுகத்தையும் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். இப்படிப்பட்டவரிடம் கும்பெனியின் உத்தியோகஸ்தர் யாரை அனுப்பினாலும் நம்புவாரா? அந்தக் கிறிஸ்தவப் போதகரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்று ஐதரே கேட்டதாக ஊழிய வரலாறுகள் கூறுகின்றன.

ஸ்வார்ட்ஸ் ஐயர் உடனே சம்மதிக்கவில்லை. ஜெபித்து யோசித்தார். இரத்தம் சிந்துவதைத் தடுக்க ஒரு வாய்ப்பு இருக்கும்போது மறுக்கலாகாது என்பதே அவரைப் புறப்படச் செய்த காரணங்களில் பெரியது. போகும் வழியில் சுவிசேஷத்தைப் பேசலாம் என்ற எண்ணமும் இருந்தது. அதோடு ஒன்றை உறுதியாகத் தீர்மானித்துக்கொண்டார்: எவரிடமிருந்தும் வெகுமதி வாங்கிக் கையைக் கறைப்படுத்திக்கொள்வதில்லை. இந்தத் தீர்மானத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தவை பலவும் இதிலிருந்தே புறப்படுகின்றன.

1779 ஜூலையில் புறப்பட்டுக் கரூர் வழியாக, மலைக்கணவாய் ஏறி மைசூர் நாட்டுக்குப் போனார். கும்பெனி அதிகாரிகள் அரக்கனைப் போல் வருணித்த ஒருவரின் நாட்டில் தாம் கண்டவற்றை அவர் நேர்மையாகக் குறித்துவைத்தார். மழையால் உடைந்த பாலங்களும் சாலைகளும் தாமதமின்றிச் செப்பனிடப்படுவதைக் கண்டு வியந்தார். ஐதருக்கு எழுதவும் படிக்கவும் தெரியாது. ஆனால் நினைவாற்றல் அபாரமானது. ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதச் செய்து, எழுதியவனைப் படிக்கச் சொல்வார். பின்னர் வேறொருவனைக் கூப்பிட்டு அதையே படிக்கச் சொல்வார். சொன்னதிலிருந்து பிசகியிருந்தால் எழுதியவன் தலை தப்பாது. ஆட்சியின் கொடுமையையும் ஐயர் மறைக்கவில்லை. சாட்டை ஏந்திய ஆட்கள் 200 பேர் அங்கே எப்போதும் ஆயத்தமாக நின்றதையும், சாட்டையடி படாத நாள் இல்லை என்பதையும் எழுதினார். விரோதியென்று சொல்லப்பட்டவரைப் புகழவேண்டிய இடத்தில் புகழ்ந்தும், கண்டிக்கவேண்டிய இடத்தில் கண்டித்தும் எழுத எத்தனை பேரால் முடியும்? நம் வீட்டுச் சண்டைகளிலேயே அது நமக்கு அரிதாக இருக்கிறது.

ஐதர் அவரைத் தம் அருகில் கம்பளத்தின்மேல் உட்கார வைத்துப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ஐயர் கோட்டைக்கு வெளியே கூடாரத்தில் தங்கினார்; ஐதரின் படையில் கூலிக்குச் சேவித்த ஜெர்மானியச் சிப்பாய்களுக்கு அங்கேயே ஆராதனை நடத்தினார். கூடாரம் தேடி வந்த மற்றவர்களிடமும் தேவனைப் பற்றித் தடையின்றிப் பேசினார். ஐதர் அதைத் தடுக்கவில்லை. விடைபெறும் மாலையில், தம் மனிதர் முன்னிலையில் பாரசீக மொழியில் பேசும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். ஐயரும் தாம் எதற்காக வந்தார் என்பதை அந்த மொழியில் விளக்கினார்.

புறப்படும்போது வழிச்செலவுக்கென்று ஐதர் 300 ரூபாய் அடங்கிய பையை அனுப்பினார். அதை மறுப்பது அரசரை அவமதிப்பதாகும் என்று சொன்னார்கள். வாங்கிக்கொண்ட ஐயர், சென்னைக்கு வந்ததும் அதைக் கும்பெனி அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அவர்கள் வாங்க மறுத்தபோது, தஞ்சாவூரில் ஏழைப்பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிக்கு முதல் காணிக்கையாக அதை வைத்தார். ஒரு முகமதிய அரசரின் பணம், கும்பெனிக் காரியமாகப் போனவர் கையில் வந்து, அநாதைப் பிள்ளைகளின் பலகையும் புத்தகமும் ஆயிற்று. கும்பெனி கொடுக்கவந்த சன்மானத்தையும் அவர் தமக்கென்று ஏற்கவில்லை.

பிரியமானவர்களே, தூது வெற்றி பெற்றது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது தோற்றது. ஐயரை நல்ல மனிதர் என்று ஏற்றுக்கொண்ட ஐதர், அவரை அனுப்பியவர்களை நம்பவில்லை. கும்பெனியின் நடத்தையும் ஐயர் வாயிலாகச் சொல்லியனுப்பிய சொல்லுக்கு ஒத்திருக்கவில்லை. ஒரு பரிசுத்தவானின் நற்பெயரைத் திரையாகப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் அரசியல் நடத்தினார்கள் என்று சொன்னால் தவறாகாது. ஊழியக்காரர்கள் அரசாங்கக் காரியங்களில் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வியை இந்த இடத்தில் நானும் கேட்டுக்கொள்கிறேன். ஐயர் போயிருக்கக் கூடாது என்று கூறுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் அவரை அனுப்பியவர்களுக்கு இருந்த நோக்கமும் அவருக்கு இருந்த நோக்கமும் ஒன்றல்ல என்பதை அவர் முன்னமே இன்னும் கூர்மையாகக் கண்டிருக்கலாம்.

1780 ஜூலையில் ஐதர் அலி ஏறக்குறைய 90,000 பேர் கொண்ட படையோடு நம் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். ஆற்காட்டுச் சீமை எரிந்தது. சென்னையைச் சுற்றியிருந்த சிற்றூர்களின் புகையைப் பட்டணத்தார் கண்ணால் கண்டார்கள். செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஏரிகள் உடைக்கப்பட்டன; விதைநெல் போயிற்று; மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. போரோடு பஞ்சமும் நடந்து வந்தது.

இந்தப் போரின் நடுவேதான் அந்தத் தோற்றுப்போன தூதின் பலன் தெரிந்தது. தம் படையினருக்கு ஐதர் ஒரு கட்டளை பிறப்பித்திருந்தார்: அந்தப் பாதிரியார் எங்கே போனாலும் தடுக்க வேண்டாம், மரியாதையோடு நடத்துங்கள், அவர் நமக்குத் தீங்கு நினைக்காதவர் என்பது அதன் கருத்து. கும்பெனிக்கும் மைசூருக்கும் நடுவே எல்லாப் பாலங்களும் உடைந்துபோயிருந்த வேளையில், ஓர் ஒற்றையடிப் பாதை மட்டும் திறந்திருந்தது. ஐதரின் குதிரைப்படை சுற்றித் திரிந்த ஊர்களில் ஐயர் தம் சபையாரைப் பார்த்துவர முடிந்தது.

தஞ்சாவூரின் நிலையை இனிச் சொல்ல வேண்டும். அந்த ஊரின் காயம் ஐதரிடமிருந்து மட்டும் வந்தது அல்ல. 1773இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கும்பெனிப் படையே தஞ்சையைப் பிடித்து, துளஜா மன்னரைச் சிறைப்படுத்தியது. 1776இல் நாடு திரும்பக் கொடுக்கப்படும்வரை, நவாபின் ஆட்கள் அதைச் சக்கையாகப் பிழிந்தார்கள். ஆகவே போர் வந்தபோது குடிகள் எந்த அதிகாரியையும் நம்பவில்லை. கோட்டைக்குள் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். களஞ்சியமோ வெறுமையாக இருந்தது. வெளியே நெல் இருந்தது. ஆனால் முன்பு நெல்லையும் மாடுகளையும் பறித்துக்கொண்டு விலை கொடாமல் விட்டவர்களுக்கு யார் இனிக் கொடுப்பார்கள்? காலைதோறும் தெருக்களில் பிணங்கள் கிடந்தன.

அப்போது மன்னர், தம் பெயரும் கும்பெனியின் பெயரும் ஜனங்களிடத்தில் கெட்டுப்போயின. ஸ்வார்ட்ஸ் ஐயரின் பெயருக்கு மதிப்பிருக்கிறதா என்று பார்ப்போம் என்ற கருத்தில் பேசி, குடிகளோடு நேராகப் பேசும் அதிகாரத்தை அவரிடம் கொடுத்தார். ஐயர் நாலாபுறமும் ஆள் அனுப்பினார். கொண்டுவருகிறவர்களுக்கு என் கையாலேயே விலை கொடுப்பேன் என்பதே அவர் சொன்ன ஒரே வாக்கு. இரண்டு மூன்று நாட்களுக்குள் 1,000க்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டு 80,000 கலம் நெல் கோட்டைக்குள் ஏற்றப்பட்டது. ஒவ்வொருவனுக்கும் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துத் தீர்த்தார். கோட்டை பிழைத்தது. ஒரு மனிதன் கடன்பாக்கி வைக்கமாட்டான் என்ற நம்பிக்கை, பீரங்கிகள் செய்ய முடியாததைச் செய்தது. தனக்கு இழப்பே வந்தாலும் கொடுத்த சொல்லை மாற்றாதவனைப் பற்றி 15ஆம் சங்கீதத்தில் வாசிக்கிறோமே, அதை அந்தக் குடிகள் எழுத்தில் வாசித்ததில்லை. கையில் வாங்கிய காசில் வாசித்தார்கள்.

ஐதர் 1782 டிசம்பரில் சித்தூருக்கு அருகே பாளையத்தில் காலமானார். 1783இல் திப்புவிடம் சமாதானம் பேச ஐயர் மீண்டும் புறப்பட்டார். இந்த முறை சத்தியமங்கலம்வரை போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு போர் ஓய்ந்தது.

போர் ஓய்ந்த பிறகுதான் காயம் ஆற வேண்டிய காலம் வருகிறது. அதைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் சொல்வதில்லை. தஞ்சையில் துளஜா மன்னர் நோயாலும் துக்கத்தாலும் உள்ளே அடைந்துகிடந்தார். அவருடைய அதிகாரிகள் குடிகளை வாட்டினார்கள். ஐயரின் கணக்குப்படி 65,000 பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஜூனில் தொடங்க வேண்டிய சாகுபடி செப்டம்பர் ஆகியும் தொடங்கவில்லை. திரும்பி வாருங்கள் என்று மன்னர் அழைத்தார்; ஒருவரும் வரவில்லை. ஐயரைப் பேசச் சொன்னார்கள். உங்களுக்கு அநியாயம் நேராதபடி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியனுப்பினார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். காலம் தப்பிவிட்டதே, உழைத்துச் சரிக்கட்டுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டபோது, எங்களுக்கு நீர் இரக்கம் காட்டினீர், உமக்காக இரவும் பகலும் பாடுபடுவோம் என்ற பொருளில் அவர்கள் பதிலளித்தார்கள். அவ்வாண்டு அறுவடை முந்தின ஆண்டைவிட நன்றாகவே வந்தது. திரும்பிய அந்த 7,000 பேரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

துளஜா மன்னர் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர் அல்லர். கடைசிவரை தம் முன்னோர் வழியிலேயே நின்றார். அது இருவருடைய நட்பையும் குறைக்கவில்லை. 1787இல் மரணப்படுக்கையில் இருந்தபோது, தாம் சுவீகாரம் செய்துகொண்ட பத்து வயது நிரம்பாத சரபோஜியை அழைத்து, இவன் என் பிள்ளை அல்ல, உம்முடைய பிள்ளை என்னும்படியாக ஐயரின் கையில் ஒப்புவித்தார். ஒரு மராத்திய அரசர் தம் வாரிசை ஒரு ஜெர்மானியப் போதகரிடம் கொடுத்தார். நாட்டை ஆளும் பொறுப்பைத் தாம் ஏற்பது தகாது என்று சொல்லி, மன்னரின் சகோதரர் அமர்சிங்கிடம் அதைக் கொடுக்கும்படி ஐயர் ஆலோசனை கூறினார். அந்த ஆலோசனை நன்றாக முடியவில்லை. அமர்சிங்கின் பொறுப்பில் பிள்ளை அடைபட்டு, கல்வியின்றி வாடினான். தம் தவற்றுக்குப் பரிகாரம் தேடுகிறவரைப்போல் ஐயர் மனுமேல் மனு எழுதினார். 1793இல் சரபோஜியைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பாதுகாப்பாகப் படிக்கவைக்க முடிந்தது. அவனுடைய அரசுரிமைக்காகவும் கடைசிவரை வாதாடினார்.

1798 பிப்ரவரி 13ஆம் தேதி ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பெட்டியை மூடுமுன் சரபோஜி வந்து, முகத்தைப் பார்த்து அழுது, கல்லறைவரை கூடவே நடந்தார். ஐயர் காண ஆசைப்பட்ட முடிசூட்டு விழா அவ்வாண்டு ஜூன் மாதம் நடந்தது. அரசரான சரபோஜியும் கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனால் சரஸ்வதி மகால் நூலகத்தை உலகெங்குமிருந்து வந்த புத்தகங்களால் நிரப்பினார். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை எழுப்பிப் பசித்தவர்களுக்குச் சோறும் பிள்ளைகளுக்குக் கல்வியும் தந்தார். ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளைப் பராமரிக்கவும் பொருள் ஒதுக்கினார். இவற்றுள் எவ்வளவு தம் ஆசானிடமிருந்து வந்தது என்று அளந்து சொல்வதற்கில்லை.

தஞ்சாவூருக்குப் போகும்போது பெரிய கோயிலைப் பார்த்துத் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை சற்றுத் தள்ளி, சிவகங்கைப் பூங்காவை ஒட்டியிருக்கும் ஸ்வார்ட்ஸ் ஆலயத்துக்கும் போங்கள். உள்ளே ஒரு வெண்பளிங்குச் சிற்பம் இருக்கிறது. லண்டனின் புகழ்பெற்ற சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு சரபோஜி தம் செலவில் செய்வித்தது அது. படுக்கையில் ஐயர் கிடக்கிறார். தலைமாட்டில் உடன் ஊழியர் கெரிக்கே நிற்கிறார். ஒரு பக்கம் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். படுக்கையின் அருகே, தலைப்பாகையோடும் அரச உடையோடும் சரபோஜி, மரிக்கிற அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய கல்லறைக்கென்று ஆங்கிலத்தில் ஒரு சிறு பாடலையும் சரபோஜி தாமே இயற்றினார். அதில் இலக்கணம் அங்கங்கே இடறும் என்று படித்தவர்கள் குறை சொல்வதுண்டு. திருத்தித்தர எத்தனையோ ஆங்கிலேயர் அரண்மனையைச் சுற்றி இருந்தார்கள். அவர் எழுதியபடியே அது கல்லில் நிற்கிறது.